குவெர்னிக்கா: வண்ணமற்ற கையறுநிலை

போரைப் பாடத் தமிழில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பரணி, மற்றொன்று கையறுநிலை. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி என்பது இலக்கணம். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி முதற் குலோத்துங்கனின் வெற்றியையும் கருணாகரத் தொண்டைமானின் படைத்திறனையும் பாடுகிறது. வீழ்ந்தவனுடைய உடல் அதில் பேய்களுக்குக் கூழாகிறது. அவனுடைய மனையாளின் துயரம் வெற்றிக் களத்தின் பல காட்சிகளுள் ஒன்றாக வந்து மறைகிறதேயன்றி, நூலின் பொருளாக அமையவில்லை.

கையறுநிலையோ இழந்தவர் பக்கத்தில் நிற்பது. மூவேந்தரால் பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் பாடியதாக அமைந்த புறநானூற்றின் 112ஆம் பாட்டை எண்ணிப் பார்ப்போம். ஐந்தே அடிகள். வாள் சுழலவில்லை, குருதி ஓடவில்லை, பகைவரை இழித்துரைக்கும் ஒரு சொல்லும் இல்லை. அன்றொரு நிலவு, இன்றொரு நிலவு. இடையில் தந்தையும் குன்றும் இல்லாமற் போயின. அவ்வளவே. எனினும், இரண்டாயிரம் ஆண்டுகளாக மூவேந்தரின் வெற்றியை நாணச் செய்து நிற்பது அந்த ஐந்தடிதான்.

ஓவியக் கலையிலும் இவ்விரு வழிகள் உண்டு. மேனாட்டு அரண்மனைச் சுவர்களில் தொங்கிய போர் ஓவியங்களிற் பல பரணிகளே. குதிரைமீது மன்னன், பின்னே பறக்கும் கொடி, காலடியில் பகைவன் என அவை அமையும். அம்மரபை மறுத்து, கொல்லப்படுவோர் பக்கம் நின்று 1814ஆம் ஆண்டில் ஓவியம் தீட்டினார் ஸ்பானிய ஓவியர் கோயா. அவர் நாட்டிலேயே பிறந்த பாப்லோ பிக்காசோ, 1937ஆம் ஆண்டில் கையறுநிலையை ஒரு சுவரளவுக்குப் பெருக்கிக் காட்டினார். அதுவே குவெர்னிக்கா. கனவடிவ முறையில் அமைந்த அந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் வரலாற்றை ஆராய்வதும், அவ்வாராய்ச்சி மலேசியத் தமிழராகிய நமக்கு ஏன் வேண்டியதாகிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஓவியம் பிறந்த வரலாறு

1936ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசை எதிர்த்துப் பிராங்கோ முதலிய படைத்தலைவர்கள் கிளர்ந்தனர். ஹிட்லரும் முசோலினியும் அவர்களுக்குத் துணை நின்றனர். மறு ஆண்டு பாரிசில் அனைத்துலகப் பொருட்காட்சி நடைபெறவிருந்தது. அதில் அமையவிருந்த ஸ்பானியக் கூடத்திற்குப் பெரியதோர் ஓவியம் வேண்டும் எனக் குடியரசின் சார்பாளர்கள் 1937 சனவரியில் பிக்காசோவைக் கேட்டுக்கொண்டனர். அப்போது அவர் பாரிசில் வாழ்ந்துவந்தார். மாதங்கள் கடந்தன. ஓவியனும் அவனுக்கு முன் அமர்ந்திருக்கும் பெண்ணும் என்னும் பழைய பொருளையே அவர் மனம் சுற்றி வந்தது. நாடு எரிந்துகொண்டிருக்க, அதற்கேற்ற பொருள் அவருக்குக் கிட்டவில்லை.

பொருளைப் போரே கொண்டுவந்து சேர்த்தது. 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. பாஸ்க்கு மக்களின் சிற்றூராகிய குவெர்னிக்காவில் அன்று சந்தை நாள். பிற்பகலில் செருமனியின் காண்டோர்ப் படையும் இத்தாலிய வானூர்திகளும் அவ்வூரின்மீது குண்டு மழை பொழிந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேலாகத் தாக்குதல் நீடித்தது. எரிகுண்டுகள் ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கின. இறந்தோர் 1,654 பேர் என்று அன்றைய பாஸ்க்கு அரசு அறிவித்தது. பிற்கால வரலாற்றாசிரியர் பலர் இத்தொகையை மிகவும் குறைத்து, சில நூறு என்றே மதிப்பிடுகின்றனர்.

அவ்வூரில் பழமையான ஓக் மரம் ஒன்றுண்டு. அதன் நிழலில் நின்றே பாஸ்க்கு மக்களின் உரிமைகளைக் காப்பதாக முற்கால மன்னர்கள் சூளுரைத்தனர். நம் சங்க நூல்கள் கூறும் காவல் மரத்தை இது நினைவூட்டும். மரம் குண்டுக்குத் தப்பியது, மக்கள் தப்பவில்லை.

ஜார்ஜ் ஸ்டீர் என்னும் செய்தியாளர் எழுதிய நேர்முகச் செய்தி ஏப்ரல் 28 அன்று இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அது பாரிசு நாளிதழ்களுக்கும் பரவிற்று. ஊருக்குத் தீ வைத்தவர்கள் பாஸ்க்கு மக்களே எனப் பிராங்கோ தரப்பினர் கூசாமல் மறுத்துரைத்தனர். மே முதல் நாள் பிக்காசோ பென்சிலைக் கையில் எடுத்தார். பத்து நாள்களில் முன்வரைவுகளை முடித்துத் துணியில் வரையத் தொடங்கிவிட்டார். ஜூன் தொடக்கத்தில் ஓவியம் முற்றுப்பெற்றது. அதன் உயரம் 349 சென்டிமீட்டர். அகலம் 776 சென்டிமீட்டர். நம் பள்ளி வகுப்பறைச் சுவர் ஒன்றை முழுமையாக அடைத்துக்கொள்ளும் அளவு என்றால் விளங்கும்.

கனவடிவ முறை

'இது என்ன ஓவியம்? எங்கள் முதலாம் ஆண்டு மாணவன் இதைவிட நன்றாக வரைவானே!' இவ்வோவியத்தின் படியொன்றை ஆசிரியர் கூட்டத்தில் காட்டியபோது எழுந்த சொல் இது. சொன்னவரை நான் குறை கூறேன். 1937ஆம் ஆண்டிலேயே பொருட்காட்சி பற்றிய செருமானிய வழிகாட்டி நூலொன்று, நான்கு வயதுக் குழந்தையும் வரையக்கூடிய உடற்துண்டுகளின் குவியல் என்று இதனை எள்ளியதாகக் கூறுவர். குண்டு போட்டவர் தரப்பும் நல்லெண்ணம் கொண்ட ஆசிரியரும் ஒரே சொல்லைச் சொல்ல நேர்வது ஏன்? இருவரும் ஓவியத்தில் ஒரே ஒரு பார்வையையே எதிர்பார்க்கின்றனர் என்பதே விடை.

மறுமலர்ச்சிக் காலம் தொட்டு ஐரோப்பிய ஓவியம் ஓரிடத்தில் அசையாது நிற்கும் ஒரு கண்ணுக்குத் தோன்றும் உலகையே காட்டிவந்தது. 1907ஆம் ஆண்டு முதல் பிக்காசோவும் ஜார்ஜ் பிராக்கும் அதை உடைக்கத் தொடங்கினர். ஒரு முகத்தின் முன்புறத்தையும் பக்கவாட்டையும் ஒரே தளத்தில் வைத்தனர். ஒரு குடத்தின் வாயை மேலிருந்தும் அடியை எதிரிலிருந்தும் காட்டினர். 1908ஆம் ஆண்டு பிராக்கின் நிலக்காட்சிகளைக் கண்ட லூயி வோசெல் என்னும் திறனாய்வாளர், எல்லாமே கனசதுரங்கள் என்று கேலியாக எழுதினார். அக்கேலியிலிருந்தே கியூபிசம் என்னும் பெயர் பிறந்தது.

நமக்கு இது முற்றும் அயலானதன்று. ஆறுமுகப் பெருமானின் ஆறு திருமுகங்களையும் ஒரே நோக்கில் காணும்படி நம் சிற்பியர் வரிசைப்படுத்துகின்றனர். அதன் நோக்கம் வேறு, அது வழிபாட்டுக்குரியது. ஆயினும், ஒரே இடத்தில் நின்று காண இயலாததைக் கலை ஒருங்கே காட்டலாம் என்னும் உரிமையை நம் மரபு என்றோ அளித்துவிட்டது. மேசையை வரையும் சிறுவன் நான்கு கால்களையும் காட்டாமல் விடமாட்டான். தான் கண்டதை விடத் தான் அறிந்ததை வரைகிறான் அவன். அவ்வகையில் நம் ஆசிரியர் முதலாம் ஆண்டு மாணவனை நினைத்தது முற்றிலும் பிழையுமன்று.

அப்படியாயின் குவெர்னிக்காவுக்கு இம்முறை ஏன் பொருந்தியது? ஓரிடத்தில் அசையாது நின்று பார்க்கும் கண் ஒன்று உண்டு என நம்புவோர்க்கே பழைய முறை உரியது. குண்டு விழும் ஊரில் அப்படி நிற்க இடம் ஏது? வீட்டின் உள்ளும் புறமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. கூரை பெயர்ந்து வானம் தெரிகிறது. தாயின் முகம் ஒரு திசையிலும் கண்கள் மற்றொரு திசையிலும் திரும்புகின்றன. ஓவியத்தைப் பாருங்கள்: மேலே மின்விளக்கு இருப்பதால் அது வீட்டின் உட்புறம்; ஓட்டுக் கூரையும் சாளரமும் தெரிவதால் அதுவே தெருவும் ஆகிறது. சிதைத்தது ஓவியன் அல்லன். சிதைந்து கிடந்ததைச் சீர்ப்படுத்திப் பொய் சொல்ல அவன் மறுத்தான், அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடத்தையும் கித்தாரையும் வைத்துப் பயின்ற ஒரு முறை, அன்று தனக்குரிய பொருளைக் கண்டடைந்தது.

படத்தில் காண்பவை

இடக்கோடியில் ஒரு காளை. அதன் கீழே இறந்த குழந்தையை மடியில் ஏந்தி அண்ணாந்து அலறும் தாய். தரையில் வீழ்ந்து கிடக்கும் வீரன். அவன் கையில் ஒடிந்த வாள். அதனருகே சிறிய பூ ஒன்று. நடுவில் ஈட்டி பாய்ந்த குதிரை வாய் பிளந்து கதறுகிறது. காளைக்கும் குதிரைக்கும் இடையே இருளில் ஒரு பறவை. வலப்புறச் சாளரத்தின் வழியே ஒரு பெண் நெடிது கை நீட்டி விளக்கொன்றைப் பிடிக்கிறாள். கீழே இன்னொருத்தி காலை இழுத்தபடி ஓடிவருகிறாள். வலக்கோடியில் தீயின் நடுவே இரு கைகளையும் உயர்த்தி ஒருத்தி வீழ்கிறாள். கருப்பு, வெள்ளை, சாம்பல் என்னும் நிறங்களே எங்கும். நெருப்பும் சிவப்பாக இல்லை. குருதியும் சிவப்பாக இல்லை. குதிரையின் உடலெங்கும் அச்செழுத்துப் போலச் சிறு கோடுகள் நிறைந்துள்ளன. செய்தித்தாளில் படித்த சாவை அதே செய்தித்தாளின் நிறத்திலேயே வரைந்துவிட்டார் எனத் தோன்றும்.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உரியவரை இழத்தல், முன்னைய நிலையினின்று வீழ்தல், ஏதுமற்றிருத்தல் என விளக்கலாம். தாயிடம் இழவு, வீழ்ந்த வீரனிடம் அசைவு, எரியும் வீட்டில் உள்ளவளிடம் வறுமை, சந்தைக்கு வந்த மக்களைப் பூச்சிகளைப் போல் வானிலிருந்து கொன்ற செயலில் இளிவு. நான்கும் ஒரே படத்தில் கூடி நிற்பதைக் காண்கிறோம். நம் இலக்கணக் கண்ணாடியை அணிந்து பார்த்தாலும் இவ்வோவியம் பொருள் தருகிறது.

காளையும் குதிரையும் எவற்றைக் குறிக்கின்றன என்பது நீண்டகால வழக்கு. குதிரை மக்களையும் காளை கொடுமையையும் இருளையும் குறிப்பதாகப் பிக்காசோ 1945ஆம் ஆண்டுப் பேட்டியில் கூறினார். வேறு சமயங்களில், காளை காளையே, குதிரை குதிரையே என்று நழுவினார். நம் உள்ளுறை உவமத்தை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. உள்ளுறையில் புலவன் விலங்கையும் பறவையையும் மட்டும் கூறி நிறுத்துவான். ஒப்புமையை உணர்ந்துகொள்வது கேட்போர் கடன். புலவனே எழுந்து உரை சொன்னால் அது உள்ளுறையாகாது.

அழிக்கப்பட்ட கை

இவ்வோவியத்தின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய முதன்மையான பாடம் முடிந்த படத்தில் இல்லை. அழிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. பிக்காசோ வரைய வரைய, டோரா மார் என்னும் ஓவியக் கலைஞர் ஒவ்வொரு கட்டத்தையும் நிழற்படம் எடுத்துவைத்தார். அப்படங்கள் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு.

முதற்கட்டத்தில், வீழ்ந்த வீரனின் கை வானை நோக்கி முறுக்கிய முட்டியாக எழுகிறது. அது குடியரசுத் தரப்பினரின் வீரவணக்கக் குறி. அடுத்த கட்டத்தில் அம்முட்டி கதிர்க்கற்றை ஒன்றைப் பற்றியிருக்கிறது. பின்னே பெரிய ஞாயிறு எழுகிறது. வீழ்ந்தாலும் எழுவோம், நாளை நமதே என்னும் முழக்கம் அது. அதற்கடுத்த கட்டத்தில் கையைக் காணோம். ஞாயிறு சுருங்கிக் கண் வடிவாகி, முடிவில் வெறும் மின்விளக்காகிறது. கை இருந்த இடத்திற்குக் குதிரையின் கதறும் தலை உயர்ந்து வருகிறது. வண்ணக் காகிதத் துண்டுகளையும் ஒட்டிப் பார்த்தார், அவற்றையும் எடுத்துவிட்டார்.

படத்தில் வானூர்தி இல்லை, குண்டு இல்லை, கொடி இல்லை, பகைவன் முகம் இல்லை. அந்த ஓக் மரமும் இல்லை. பரணிக்குரியன அனைத்தும் ஒவ்வொன்றாக விலக, எஞ்சியது கையறுநிலை. கை அற்ற நிலை என்னும் அச்சொல், இங்கே அழிக்கப்பட்ட கையால் நேர்ப்பொருளும் பெற்றுவிடுகிறது. உயர்ந்த கைகள் இன்னும் படத்தில் உண்டு. ஆனால், அவை தீயில் வீழ்கின்ற பெண்ணின் விரிந்த கைகள்.

இது அச்சத்தால் வந்த மழுப்பல் அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். அன்றே கேட்டனர். குடியரசின் ஆதரவாளர் சிலர், போராடும் மக்களுக்கு இப்படம் ஊக்கம் தரவில்லை என்று குறைபட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால், ஓவியர் படத்திற்கிட்ட பெயரை மறந்துவிடலாகாது. படத்திற்குள் அடையாளம் ஏதும் வைக்காதவர், பெயரில் ஓர் ஊரை வைத்தார். ஊரின் பெயர் உண்மைக்குச் சான்று. உள்ளே உள்ள துயரம் எல்லா ஊருக்கும் உரியது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இது 1937ஆம் ஆண்டின் சுவரொட்டியாக நின்றிருக்கும். அன்றேல், பொதுவானதோர் அழுகையாகக் கரைந்திருக்கும்.

படம் நடந்த வழி

1937 சூலையில் திறக்கப்பட்ட ஸ்பானியக் கூடத்தின் நுழைவாயிலிலேயே படம் வைக்கப்பட்டது. அதன்பின் அது ஏதிலியாய் அலைந்த கதை நீண்டது. 1938ஆம் ஆண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் இலண்டனுக்கும் சென்றது. 1939 சனவரியில் கிழக்கு இலண்டனின் தொழிலாளர் பகுதியாகிய வைட்சேப்பலில் வைக்கப்பட்டபோது, பார்க்க வந்தவர்கள் ஸ்பானியப் போராளிகளுக்காகக் காலணிகளைக் கொண்டுவந்து படத்தின் அடியில் வைத்தனர் என்பர். மான்செஸ்டரில் மோட்டார் வண்டி விற்கும் கூடமொன்றில் அது தொங்கிற்று. அதே ஆண்டு குடியரசு வீழ்ந்தது. மே முதல் நாள் படம் நியூயார்க்கு வந்தடைந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அந்நகரின் நவீனக் கலைக்கூடமே அதற்குப் புகலிடம். 1953ஆம் ஆண்டு மிலான் நகரில், போரில் குண்டுபட்டுச் சிதைந்த அரண்மனைக் கூடத்தில் அதைக் காட்சிக்கு வைத்தனர். சுருட்டியும் விரித்தும் நலிந்த துணி இனிப் பயணம் தாங்காது என 1958ஆம் ஆண்டு முடிவு செய்யப்பட்டது.

ஸ்பெயினில் மக்களின் உரிமைகள் மீளும்வரை படம் அங்குச் செல்லலாகாது என்பது பிக்காசோவின் உறுதி. அவர் 1973 ஏப்ரலில் மறைந்தார்; பிராங்கோ 1975 நவம்பரில் மறைந்தார். 1974ஆம் ஆண்டு ஒருவர் அதன்மீது செந்நிறச் சாயத்தால் எழுத்துகளைத் தெளித்தார். மேற்பூச்சு இருந்தமையால் அக்கறை நீங்கியது. 1937ஆம் ஆண்டு குடியரசு அரசு பிக்காசோவுக்கு 150,000 பிராங்கு அளித்ததற்கான சான்று கிடைக்க, படம் ஸ்பானிய மக்களின் உடைமையே என்பது வலுப்பெற்றது. 1981 செப்டம்பர் 10ஆம் நாள் அது மாட்ரிட் வந்து சேர்ந்தது. முதலில் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னே வைத்தனர். 1992ஆம் ஆண்டு ரெய்னா சோபியா கலைக்கூடத்திற்கு மாற்றினர். 1995ஆம் ஆண்டு கண்ணாடியை நீக்கினர்.

மழுப்பல் என்னும் குற்றச்சாட்டுக்கு வரலாறே ஒரு விடை தந்தது. இவ்வோவியத்தைப் போல் நெய்த பெருந்துணியொன்று 1985ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பாதுகாப்பு மன்ற வாயிலருகே தொங்கி வந்தது. 2003 பிப்ரவரி 5ஆம் நாள், ஈராக்குமீது போர் தொடுக்கும் வாதத்தை அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் கோலின் பவல் அம்மன்றத்தில் எடுத்துரைத்தபோது, அத்துணி நீலத்திரையிட்டு மறைக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சிப் படப்பிடிப்பின் வசதிக்காக என்று காரணம் கூறினர். எதுவாயினும், போர் பேசப்படும் இடத்தில் அறுபத்தாறு ஆண்டுகள் கடந்த அழுகை ஒன்று இடையூறாகத் தோன்றியது. முறுக்கிய முட்டியுடன் அப்படம் நின்றிருந்தால், முடிந்துபோன போரின் நினைவுப் பொருள் என்று கருதி விட்டிருப்பர்; திரையிட வேண்டிய தேவையே வந்திராது.

நம் இரயில் பாதை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இரயில் பாதை அயலானதன்று. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை 1886ஆம் ஆண்டில் பாதை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த ஊர். தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்த சமுதாயம் நாம். அதே சமுதாயத்தின் பெருந்துயரமும் ஒரு தண்டவாளமாகவே வந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 1943 அக்டோபர் வரை அமைத்த பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்கென மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்துச் சென்றனர். இரும்பைப் பெயர்த்தது போலவே மக்களையும் தோட்டங்களிலிருந்து பெயர்த்தனர். மலாயாவிலிருந்து சென்றவர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் எனவும், அவர்களுட் பெரும்பாலோர் தமிழர் எனவும் மதிப்பிடுவர். பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் மொத்தம் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் என்பது பலர் ஏற்கும் கணக்கு. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. அங்கே இறந்த போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுள் ஏறத்தாழ ஏழாயிரவர் வரிசையாகத் துயில்கின்றனர். ஜாக் சாக்கர், ரொனால்ட் சேர்ல் போன்ற ஓவியர் கைதிகளிடையே இருந்தனர்; உயிரைப் பணயம் வைத்து வரைந்து, ஒளித்து வைத்துக் காப்பாற்றினர். நம்மவர்க்குப் பெயர் பொறித்த அத்தகைய கல்லறை வரிசையும் இல்லை. உடனிருந்து வரைந்த ஓவியனும் இல்லை. உலகம் இப்பாதையை அறிந்தது 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றினால். அதன் கதையில் நம் தொழிலாளிக்கு இடமில்லை.

எண்ணிக்கையை எண்ணிக்கையோடு நிறுத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. குவெர்னிக்காவில் மாண்டோர் சில நூறு பேரே ஆயினும், ஓர் உயிர் மற்றோர் உயிரைவிட எளியதன்று. ஆனால், சில நூறு பேரை உலகம் மறவாதிருக்க ஒரு துணியும் கருவெள்ளை வண்ணமும் போதுமாயின, நம் முன்னோரைப் பற்றி நாம் வாளாவிருந்ததற்குக் காரணம் என்ன?

முற்றும் வாளாவிருந்தோம் என்பதும் முறையன்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993ஆம் ஆண்டிலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நம் நாவலாசிரியர்கள் தம் கடனை ஆற்றத் தொடங்கினர். ஓவியத் துறையில் நம் நாட்டின் நிர்மலா தத் சண்முகலிங்கம் போன்றோர் வியட்நாம், பெய்ரூட் முதலிய இடங்களின் போர்த்துயரைத் தீட்டினர். அயலார் துயரைத் தீட்டிய கைகள் நம்மிடம் உண்டு எனில், நம் துயரைத் தீட்டவும் கைகள் எழாமற் போகா.

எழும்போது எவ்வாறு எழ வேண்டும் என்பதே என் கவலை. இதனைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லாமல் என் பிழையைக் கொண்டே சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளம் ஆசிரியனாக இருந்தபோது, பள்ளி விழா ஒன்றுக்குச் சயாம் பாதையைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். இறுதிக் காட்சியில் இறந்தவர்கள் எல்லாரும் எழுந்து முட்டியை உயர்த்தி, தமிழினமே விழித்தெழு என்று முழங்குவதாக முடித்திருந்தேன். பலத்த கைதட்டல். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, பேரனை அழைத்துப்போக வந்த முதியவர் ஒருவர் என்னருகே வந்தார். சயாமுக்குப் போய்த் திரும்பியவர் அவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. "நாடகம் நல்லா இருந்துச்சு வாத்தியாரே. ஆனா அங்க யாரும் கையத் தூக்கல. தூக்கத் தெம்பு இல்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, பேரனின் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. நாடகத்தில் எத்தனையோ வசனங்களை எழுதிய நான், அதற்காக ஒரு தொழிலாளியையேனும் தேடிச் சென்று கேட்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. பின்னாளில் டோரா மாரின் நிழற்படங்களை ஒரு நூலில் கண்டபோது அவருடைய சொல்லே என் காதில் ஒலித்தது. இறந்தவன் கையை முட்டியாக்கி உயர்த்தியது அவனுக்காக அன்று, கைதட்டும் நமக்காக. பிக்காசோ அதனை மூன்றாம் கட்டத்தில் உணர்ந்து அழித்தார். நான் அழிக்கவில்லை, அரங்கேற்றினேன்.

இன்றும் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் படைப்புகளைப் படிக்கும்போது இக்குறையைக் காண்கிறேன். சயாமைப் பற்றி எழுதும் இளைஞர் உணர்ச்சியோடு எழுதுகின்றனர். ஆனால், இறுதிப் பத்தியில் அந்த முட்டி எழுந்துவிடுகிறது. மாண்டவனுக்குப் பேச இடம் தராமல் நம் இன்றைய முழக்கத்தை அவன் வாயில் திணிக்கிறோம். உரிமை முழக்கம் வேண்டாம் என்பதன்று. மேடைக்கு அது வேண்டும். கலைக்கு வேண்டியது ஊரின் பெயர், ஆளின் பெயர், கையில் இருந்த பொருள், எதிரே நின்ற விலங்கு. இவற்றை ஒளிக்காமல் வைத்துவிட்டால், பழி சுமக்க வேண்டியவர் தாமே திரை தேடுவர்.

முடிவுரை

குவெர்னிக்கா ஒரு போரையும் நிறுத்தவில்லை. அது வரையப்பட்ட ஈராண்டுகளில் அக்குடியரசு வீழ்ந்தது. உலகப் போரும் மூண்டது. 1941 டிசம்பரில் பினாங்கின் தெருக்களிலும் வானிலிருந்து குண்டு விழுந்தது. கலைக்கு அவ்வாற்றல் உண்டு என நான் வாதிடவில்லை. ஆனால், ஊரைத் தாங்களே எரித்தார்கள் என்ற பொய் நிலைபெறாமல் அது தடுத்தது. குண்டு வீசியது குறித்து 1997ஆம் ஆண்டு செருமானிய அதிபர் ரோமன் ஹெர்சோக் அவ்வூரில் தப்பியிருந்தோரிடம் தம் நாட்டின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். அறுபது ஆண்டுகள் அவ்வூரின் பெயர் மங்காமல் இருந்ததில் இவ்வோவியத்துக்குப் பங்குண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

சயாம் பாதையிலிருந்து மீண்டோர் இன்று ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டனர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் வீடுகளில் ஒரு பெயர் இருக்கும்; ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும்; திரும்பி வராதவரைப் பற்றிப் பாட்டி சொன்ன ஒரு சொல் இருக்கும். எழுதுவோரும் வரைவோரும் முதலில் அங்குச் சென்று கேட்கட்டும். கேட்டதைக் கேட்டபடி வைக்கட்டும். கையை உயர்த்தலாமா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.